நிற்க முடியாத விமானத்தை நிறுத்தி வைப்பது: ஹோல்டிங்கில் வேகக் கணக்கு

வெயில் முதலில் இடப்பக்க ஜன்னல் வழியாக உங்கள் மடியில் விழுகிறது. சற்று நேரத்தில் கூரையைத் தடவிக்கொண்டு வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி இடப்பக்கமே வந்து உட்கார்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விமானம் எங்கும் போகவில்லை, வட்டமடிக்கிறது. இறங்க முறை வரும்வரை இப்படிச் சுற்றிக் காத்திருப்பதுதான் ஹோல்டிங்.

போகி விடியற்காலையில் சென்னைக்கு வந்திறங்கியவர்கள் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பழைய பாயும் டயரும் எரிந்த புகை, மூடுபனியோடு கலந்து மீனம்பாக்கம் ஓடுபாதையை மறைத்துவிட, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்ட ஆண்டுகள் உண்டு. 2018 அவற்றில் ஒன்று. சென்னையில் இது எப்போதாவது நடப்பது. லண்டன் ஹீத்ரோவில் தினசரி வேலை. அதனால் இந்தக் கட்டுரைக்கு ஹீத்ரோவையே எடுத்துக்கொள்கிறேன். விமானமாக 60 டன் எடையுள்ள ஓர் ஏர்பஸ் ஏ320. பயிற்சியைத் தொடங்கியிருப்பவர்களும், வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். உண்மையான விமானத்தில் உட்காரும்போது அந்த விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்று உண்டு. கடைசியாக வருபவருக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. வேகமாக ஓட்ட யாராலும் முடியும். மெதுவாக ஓட்டும்போதுதான் ஹேண்டில் நடுங்கும், முழங்கால் விறைக்கும். ஹோல்டிங்கும் அதே போட்டிதான். கால் ஊன்ற மட்டும் இடமில்லை.

முதலில் பாதை

ஹீத்ரோவுக்கு நான்கு காத்திருப்பு இடங்கள்: வடமேற்கில் போவிங்டன், வடகிழக்கில் லாம்பர்ன், தென்கிழக்கில் பிகின், தென்மேற்கில் ஓக்காம். ஒவ்வொன்றிலும் விமானங்கள் 1,000 அடி இடைவெளியில், அடுக்குப் பாத்திரம் போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும். கீழே இருப்பது ஓடுபாதைக்கு அழைக்கப்பட்டதும் மற்றவை ஒரு படி இறங்கும்.

பாதையின் வடிவம் ஓட்டப்பந்தய மைதானம் போன்றது. குறிப்பிட்ட புள்ளியைக் கடந்ததும் 180 பாகை திருப்பம், பிறகு புள்ளியிலிருந்து விலகிச் செல்லும் நேர்கோடு, மறுபடி 180 பாகை, பிறகு புள்ளியை நோக்கிய நேர்கோடு. வேறாகச் சொல்லாதவரை திருப்பங்கள் வலப்பக்கம். 14,000 அடி வரை நேர்கோடு ஒரு நிமிடம். அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். எந்தத் திசையிலிருந்து வந்தால் எப்படி நுழைவது என்பதற்கு மூன்று முறைகள் இருக்கின்றன. அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். ஏ320-இல் கணினியே அதைப் பார்த்துக்கொள்ளும்.

புத்தகத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் என்று போட்டிருக்கும். ஒரு நிமிடத் திருப்பம், ஒரு நிமிடக் கோடு, மறுபடி அதே இரண்டும். சிறிய பயிற்சி விமானத்துக்கு அது சரி. ஜெட்டுக்குப் பொருந்தாது. விநாடிக்கு 3 பாகை திரும்பினால்தான் 180 பாகை ஒரு நிமிடத்தில் முடியும். 10,000 அடியில் விமானத்தின் வேக மீட்டர் 210 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும்போது, காற்றின் அடர்த்தி குறைந்திருப்பதால், விமானத்தின் உண்மை வேகம் ஏறத்தாழ 245 நாட். அந்த வேகத்தில் விநாடிக்கு 3 பாகை திரும்ப வேண்டுமென்றால் இறக்கையை 34 பாகை சாய்க்க வேண்டும். விதியோ 25 பாகையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. எனவே ஒரு திருப்பத்துக்கு 86 விநாடி பிடிக்கும். ஒரு சுற்று ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும். இந்த ஐந்தை மனதில் வையுங்கள். எரிபொருள் கணக்கில் திரும்ப வரும்.

அதே 10,000 அடியில், அதே 25 பாகைச் சாய்வில், வேகம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? 210 நாட்டில் திருப்பத்தின் ஆரம் சுமார் 3.5 கிலோமீட்டர். 265 நாட்டில் அது 5.5 கிலோமீட்டர். அதாவது பாதையின் அகலம் 7 கிலோமீட்டரிலிருந்து 11 ஆகிவிடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் வளைவு இருபத்தொரு விழுக்காடு விரியும். வேக வரம்பு என்ற ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுதான். வரைபடத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய வானம் அவ்வளவுதான். அதைத் தாண்டினால் அங்கே மலையோ, பக்கத்து அடுக்கின் விமானமோ இருக்கலாம்.

மேலே ஒரு கூரை

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ ஜெட் விமானங்களுக்கு வகுத்த உச்ச வேகங்கள் இவை. 14,000 அடி வரை 230 நாட். அதற்கு மேல் 20,000 அடி வரை 240. அங்கிருந்து 34,000 அடி வரை 265. அதற்கும் மேலே மாக் 0.83, அதாவது ஒலியின் வேகத்தில் 83 விழுக்காடு. எல்லாம் மீட்டர் காட்டும் வேகம்; தரையில் நகரும் வேகம் அல்ல.

அமெரிக்கா தன் வழியில் போகிறது. அங்கே 6,000 அடி வரை 200 நாட், 14,000 வரை 230, அதற்கு மேல் 265. இந்த 200 என்ற எண் ஏ320 ஓட்டுபவர்களுக்கு ஒரு பொறி. ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கென்று தனி வரம்பு அச்சிட்டிருந்தால் அதுவே செல்லும். பொதுவிதியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வரைபடத்தைப் பார்க்காமல் விடுபவர்களைச் சிமுலேட்டர் அறையில் நிறையப் பார்க்கிறேன். பாதைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். தேடிப் படியுங்கள்.

கீழே ஒரு தரை, நடுவில் ஒரு பச்சைப் புள்ளி

ஏ320-இன் வேகப் பட்டையைப் பாருங்கள். திரையின் இடப்பக்கம் எண்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபிளாப், அதாவது மெதுவாகப் பறக்க உதவ இறக்கையிலிருந்து நீட்டும் மடல், எல்லாம் உள்ளே இழுத்த நிலையில், அந்தப் பட்டையின் ஓரத்தில் சிறிய பச்சை வட்டம் ஒன்று தெரியும். விமானிகள் அதை ‘கிரீன் டாட்’ என்பார்கள். தூக்கும் விசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் மிகச் சிறப்பாக இருக்கும் வேகம் அது. இன்னும் எளிதாகச் சொன்னால், காற்று விமானத்தைக் குறைவாகப் பின்னுக்கு இழுக்கும் வேகம். அதனால் எஞ்சினும் குறைவாக உழைத்தால் போதும்.

கணினி அதைக் காட்டினாலும் மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஏ320-க்கு 20,000 அடிக்குக் கீழே: எடையை டன்னில் எடுத்து இரண்டால் பெருக்கி 85 கூட்டுங்கள். 60 டன் என்றால் 205 நாட். 20,000 அடிக்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு நாட் கூட்டிக்கொள்ளலாம். 24,000 அடியில் 209. திரையில் 205-க்குப் பதிலாக 225 தெரிந்தால் எடையைத் தப்பாகப் பதித்திருக்கிறீர்கள் என்று பொருள். இந்தச் சிறிய கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பச்சைப் புள்ளிக்குக் கீழே போனால் என்ன? இங்கேதான் மெதுசைக்கிள் போட்டி வருகிறது. வேகம் குறைந்தால் இழுவையும் குறையும் என்று நம் மனம் நினைக்கும். பச்சைப் புள்ளிக்கு மேலே இருக்கும்வரை அது உண்மை. அதற்குக் கீழே விமானம் விழாமல் இருக்க மூக்கைத் தூக்கிக்கொள்கிறது; மூக்குத் தூக்கத் தூக்க இழுவை கூடுகிறது; இழுவை கூடியதால் வேகம் இன்னும் குறைகிறது. சும்மா விட்டால் தானாகச் சரியாகாத சரிவு அது. பட்டையில் கீழிருந்து மேலே எழும் மஞ்சள் கோட்டின் உச்சிதான் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகம். பச்சைப் புள்ளிக்கும் அந்த மஞ்சளுக்கும் நடுவே பறக்க முடியும். ஆனால் எந்த லாபமும் இல்லாமல் எரிபொருளும் செலவாகும், மனமும் பதறும்.

ஆகவே புதியவர்களுக்கு என் யோசனை: கிரீன் டாட்டிலேயே பறங்கள். காற்று குலுக்கினால் ஐந்து நாட் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் புத்திசாலித்தனம் வேண்டாம்.

போயிங் ஓட்டுபவர்களுக்குப் பச்சைப் புள்ளி கிடையாது. அவர்களுடைய கணினியின் ஹோல்டிங் பக்கம் ஒரு வேகத்தைத் தரும். அதைப் பார்க்க நேரமில்லாவிட்டால், ஃபிளாப் இல்லாத நிலைக்கான குறைந்தபட்ச இயக்க வேகம் தாழ்ந்த உயரங்களில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

எப்போது குறைக்கத் தொடங்குவது

நான் முதன்முதலில் சிமுலேட்டரில் ஹோல்டிங் பறந்தபோது, புள்ளியைக் கடந்த பிறகுதான் வேகம் நினைவுக்கு வந்தது. 250-இல் திரும்பத் தொடங்கினேன். திருப்பத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தேன். வளைவு முதலில் விரிந்து, பிறகு சுருங்கி, திரையில் கோணலான பூசணிக்காய் போல ஒரு தடம் விழுந்தது. பயிற்றுநர் அதை அச்சிட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

விதி எளிது: புள்ளியைத் தொடும்போதே ஹோல்டிங் வேகத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடு, புள்ளிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது குறைக்கத் தொடங்கச் சொல்கிறது. மட்டமாகப் பறக்கும்போது ஏ320 ஒரு கடல் மைலுக்குச் சுமார் 10 நாட் இழக்கும். ஹீத்ரோவை நெருங்கும் பாதைகளில், அடுக்குக்கு முன்பே 250 நாட்டுக்கு வந்துவிட வேண்டிய புள்ளிகள் குறித்திருக்கும். 250-இலிருந்து 205-க்கு வர நாலரைக் கடல் மைல் போதும். அதாவது ஒரு நிமிடம் கொஞ்சம். மூன்று நிமிடம் தாராளம் என்று தோன்றும்.

இறங்கிக்கொண்டே போனால் அந்தத் தாராளம் மாயமாகிவிடும். எஞ்சின் முழுவதும் தணிந்து, மூக்குக் கீழ்நோக்கி இருக்கும்போது விமானம் வேகத்தை விடவே விடாது. இறங்கு என்று சொன்னால் இறங்கும். வேகத்தைக் குறை என்றால் குறைக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனவே கடைசிப் பகுதியை மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இறங்கும் வீதத்தை நிமிடத்துக்கு 500 அடியளவுக்குத் தணியுங்கள். ஸ்பீட் பிரேக்கை, அதாவது இறக்கை மேல் எழுந்து காற்றைத் தடுக்கும் பலகைகளை, நீட்டலாம்தான். ஆனால் அதை நீட்டியதும் பட்டையில் மஞ்சள் கோடு சட்டென்று மேலே ஏறுவதைக் கவனியுங்கள்: குறைந்தபட்ச வேகம் கூடிவிட்டது. பச்சைப் புள்ளிக்கு அருகே வந்த பிறகு ஸ்பீட் பிரேக் நீட்டியபடியே இருந்தால் தரையை நீங்களே உயர்த்திக்கொண்டு அதன் மேல் தலையை இடித்துக்கொள்கிறீர்கள்.

ஹோல்டிங்கைக் கணினியில் பதித்து, வேகத்தையும் அதன் பொறுப்பில் விட்டிருந்தால், எங்கே குறைக்க வேண்டும் என்று அதுவே கணக்கிட்டுக் குறைக்கும். அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம், ஐ.சி.ஏ.ஓ வரம்பு, அந்த இடத்துக்கான கட்டுப்பாடு ஆகியவற்றில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளும். வேகக் குமிழை இழுத்து நீங்களே வேகம் வைத்திருந்தால் அது தலையிடாது. ஹோல்டிங் வேகத்தை வை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். புதியவர்கள் தவறவிடும் வரி அது.

இன்னும் முன்னாலேயே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பத்து நிமிடத் தாமதம் என்று 200 கடல் மைலுக்கு முன்பே தெரிந்தால், அங்கேயே மெதுவாக வரலாம். தரைமேல் 450 நாட்டில் அந்தத் தூரம் 27 நிமிடம். 400 நாட்டில் 30 நிமிடம். மூன்று நிமிடத்துக்கு மேல் வழியிலேயே கரைந்துவிட்டது, எல்லாம் உயரத்தில், சிக்கனமாக. ஹீத்ரோ இதை 2014-இலிருந்து ஒரு முறையாகவே செய்கிறது: 350 கடல் மைல் தொலைவிலேயே, அண்டை நாடுகளின் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக, வரும் விமானங்களை மெதுவாக வரச் சொல்கிறார்கள். அவசரமாக வந்து அடுக்கில் சுற்றுவதைவிட அது நல்லதுதானே.

கூரையும் தரையும் முட்டிக்கொள்ளும்போது

இப்போது அந்த அமெரிக்கப் பொறி. 5,000 அடியில் ஹோல்டிங். உச்ச வரம்பு 200 நாட். நம் விமானத்தின் பச்சைப் புள்ளி 205. நமக்குப் பிடித்த வேகம் கூரைக்கு மேலே போய்விட்டது. பெரிய விமானங்களில் இது இன்னும் கடுமை. நிறைந்த எரிபொருளோடு, புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் திரும்ப வேண்டிய அகல உடல் விமானத்துக்கு, ஃபிளாப் இல்லாமல் பறக்கத் தேவையான வேகமே 230-ஐத் தாண்டிவிடலாம்.

செய்யக்கூடியவற்றை வரிசையாக முயலுங்கள். முதலில் கட்டுப்பாட்டாளரிடம் கேளுங்கள்: இந்த எடையில் எனக்கு இத்தனை நாட் வேண்டும். வானம் காலியாக இருந்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம். அடுத்து, வரம்பு கூடுதலாக உள்ள உயரத்தைக் கேட்கலாம். ஜெட் எஞ்சின் மேலே குறைவாகக் குடிக்கும் என்பதால் அதுவும் நல்ல பேரம். இரண்டும் முடியாதபோதுதான் ஃபிளாப். ஏ320-இல் முதல் நிலைக்குத் தள்ளினால் 200-க்குக் கீழே வசதியாகப் பறக்கலாம். விலையாக இழுவை கூடும், எரிபொருள் கூடும்.

குலுங்கும் காற்றில் இதற்கு எதிர்மாறான தொல்லை. ஏ320-க்கு 20,000 அடிக்குக் கீழே கொந்தளிப்பில் பறக்கச் சொல்லும் வேகம் 250 நாட். ஹோல்டிங் வரம்போ 230. ஐ.சி.ஏ.ஓ இதற்கு வழி வைத்திருக்கிறது: கடும் குலுக்கலில், முன்கூட்டி அனுமதி பெற்று, 280 நாட் வரை போகலாம். சொல்லாமல் போகக் கூடாது.

ஃபிளாப்பைப் பற்றி இன்னொன்று, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. 1994 அக்டோபர் 31 அன்று, இண்டியானாபொலிஸிலிருந்து சிகாகோ நோக்கிப் போன அமெரிக்கன் ஈகிள் 4184, லூசிட் என்ற புள்ளியில் 10,000 அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஏடிஆர் 72, இரட்டை டர்போபிராப், அதாவது இரண்டு சுழல்விசிறி எஞ்சின் கொண்டது. வேகம் 175 நாட். அந்த வேகத்தில் மூக்கு உயர்ந்தே இருந்ததால், அதைத் தாழ்த்த ஃபிளாப்பை 15 பாகைக்கு நீட்டினார்கள். சுற்றியிருந்தது உறைநிலைத் தூறல். ஃபிளாப் நீட்டியதால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறி, பனி நீக்கும் ரப்பர் பட்டைகளுக்கும் பின்னால் ஒரு வரப்புப் போலப் பனி கட்டியது. 8,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது வேகம் கூடி, ஃபிளாப்புக்கான வேகம் மீறியதாக எச்சரிக்கை ஒலித்தது. ஃபிளாப்பை உள்ளே இழுத்தார்கள். மூக்கு உயர்ந்தது, பனி வரப்புக்குப் பின்னால் காற்று பிய்ந்தது, இறக்கையின் சாய்வுக் கட்டுப்பாடு விமானியின் கையை மீறித் தானாகத் திரும்பியது. ரோஸ்லான் என்ற ஊருக்கருகே சோயா வயலில் விழுந்தது. 68 பேரில் யாரும் பிழைக்கவில்லை.

இது வேகப் பிழையால் மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. விமானத்தின் வடிவமைப்புக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஹோல்டிங் பறப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு: பனி கட்டும் மேகத்தில் ஃபிளாப்பை நீட்டிக்கொண்டு சுற்றாதீர்கள். ஜெட் விமானங்களின் கையேடுகளும் பொதுவாக இதையே சொல்கின்றன. வேறு உயரம் கேளுங்கள், வேறு இடம் கேளுங்கள்.

சுற்றுக்குள் கை எங்கே, கண் எங்கே

புள்ளியைக் கடந்தாயிற்று, 205 நாட். திருப்பத்தில் சாய்ந்ததும் இழுவை சற்றுக் கூடும். தானியங்கி விசை இயங்கினால் எஞ்சின் ஒலி லேசாக உயர்வது காதில் விழும், நேரானதும் தணியும். கையால் ஓட்டினால் நீங்களே கொஞ்சம் கூட்டி, நேராகும்போது திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப எடுக்க மறந்தால் நேர்கோட்டில் பத்து நாட் ஏறியிருக்கும். விலகிச் செல்லும் கோட்டுக்கான நேரத்தை, புள்ளிக்கு நேர் பக்கவாட்டில் வரும்போதோ இறக்கை நேரானபோதோ, எது பின்னால் வருகிறதோ அப்போது தொடங்குங்கள்.

காற்று அடித்தால் தரைவேகம் ஒரு கோட்டில் 190, மறு கோட்டில் 290 என்று காட்டும். கண் அங்கே ஓடும். அதைத் துரத்தாதீர்கள். வேகப் பட்டையில் 205 அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது நேரத்தை. பின்காற்றில் விலகிப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் பறக்காமல் முன்னதாகவே திரும்புங்கள், புள்ளியை நோக்கி வரும் கோடு ஒரு நிமிடமாக அமையும்படி. பக்கக்காற்றுக்கு, உள்வரும் கோட்டில் எத்தனை பாகை திருத்தினீர்களோ அதன் மூன்று மடங்கை வெளிச்செல்லும் கோட்டில் எதிர்ப்பக்கம் வையுங்கள். திருப்பங்களில் திருத்த முடியாத நகர்வை அந்த ஒரு கோடு சுமக்கிறது.

அடுக்கில் ஓர் ஆயிரம் அடி இறங்கச் சொன்னால் அவசரம் வேண்டாம். நிமிடத்துக்கு 1,000 அடி போதும்; 1,500-ஐத் தாண்டினால் கீழே சுற்றும் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி உங்களைப் பார்த்து அலறும். மட்டமானதும் பட்டையை ஒருமுறை பாருங்கள். இறங்கும்போது ஏறிய நாலைந்து நாட் கரைந்துவிட்டதா என்பதையும், விசை திரும்ப வந்துவிட்டதா என்பதையும் பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஒரு சுற்று, 200 கிலோ

60 டன் ஏ320 ஹோல்டிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ எரிபொருள் செலவழிக்கும். சுற்றுக்கு ஐந்து நிமிடம். ஆகவே சுற்றுக்கு 200 கிலோ. இந்த எண்ணைக் காலில் கட்டிக்கொள்ளுங்கள்.

கற்பனையாக ஒரு கணக்கு. லாம்பர்னைக் கடக்கும்போது 4,600 கிலோ இருக்கிறது. அங்கிருந்து ஹீத்ரோ ஓடுபாதை வரை 700. அங்கே இறங்க முடியாமல் லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக் போக 1,000. எதற்கும் தொடக்கூடாத கடைசிச் சேமிப்பு, அதாவது விமான நிலையத்துக்கு மேலே 1,500 அடியில் ஹோல்டிங் வேகத்தில் 30 நிமிடம் பறக்கத் தேவையானது, 1,200. மொத்தம் 2,900. மீதி 1,700 கிலோ, 42 நிமிடம், எட்டுச் சுற்று. ஒன்பதாவது சுற்று கிடையாது. இதை முதல் சுற்றிலேயே காகிதத்தில் எழுதி, கிளம்ப வேண்டிய நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஏழாவது சுற்றில் கணக்குப் போட உட்காரும் மனது நியாயமாக இருக்காது. இன்னும் ஒன்று பார்க்கலாமே என்று பேரம் பேசும்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியங்கா 52, ஒரு போயிங் 707, மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். அவசரநிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலெழுந்தது. எஞ்சின்கள் அணைந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று இதற்கென்றே இரண்டு நிலையான சொற்றொடர்கள் இருக்கின்றன. இன்னொரு தாமதம் வந்தால் கடைசிச் சேமிப்பில் கை வைக்க நேரலாம் என்ற நிலையில் ‘மினிமம் ஃபியூவல்’. கை வைத்தே தீர வேண்டும் என்று கணக்குக் காட்டினால் ‘மேடே மேடே மேடே ஃபியூவல்’. வளைத்துச் சொல்லாமல் இந்தச் சொற்களையே சொல்ல வேண்டும்.

வெளியே வரும்போது

கட்டுப்பாட்டாளர் ஒரு திசையையும் 220 நாட்டையும் தந்து அடுக்கை விட்டு வெளியே வரச் சொல்வார். அங்கிருந்து ஓடுபாதை வரை படிப்படியாக 180, பிறகு ஓடுபாதைக்கு நான்கு மைல் இருக்கும் வரை 160.

கணினியில் ஹோல்டிங்கை முடிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வேகக் குமிழை இழுத்து 220 வையுங்கள். ஹோல்டிங் முடிந்தது என்று தெரிந்த மறுநொடியே கணினி தன் பழைய இறங்கு வேகத்துக்குத் தாவும். 250-ஐ எட்ட எஞ்சின்கள் உறுமும். முன்னால் போகும் விமானத்தை நோக்கி நீங்கள் பாய்வீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ நடந்துவிட்டது என்று ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள். முதலில் குமிழ், பிறகு பொத்தான்.